த்ரெட் லோக்கல் மதிப்பு எப்போது அழியும்? ரஸ்ட் டிஸ்ட்ரக்டர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஸ்டில் ஒரு த்ரெட் லோக்கல் மாறியை, அதாவது புரோகிராமுக்குள் ஓடும் ஒவ்வொரு தனி ஓட்டத்துக்கும் (த்ரெட்) ஒரு பிரதி உள்ள மாறியை, அறிவிப்பது ஒரு வரி வேலை. த்ரெட் முடியும்போது அதற்குள் இருக்கும் மதிப்பை ஒழுங்காக அழிப்பதில்தான் சிரமம் எல்லாம் இருக்கிறது. அப்படி அழிக்கும் ஃபங்ஷனுக்குத்தான் டிஸ்ட்ரக்டர் என்று பெயர், ரஸ்டில் அது டிராப். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்கள் இதைப் பற்றிக் கேட்பதைச் சில ஆண்டுகளாகக் குறித்து வைத்து வந்தேன். அவற்றுக்கான பதில்கள் இவை. ரஸ்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி செய்வதை அடிப்படையாக எடுத்திருக்கிறேன். சி, சி++ பக்கமும் அவ்வப்போது போவோம், அடியில் இருக்கும் இயங்குதள வசதிகள் எல்லா மொழிக்கும் பொதுதானே. டிஎல்எஸ் என்று சுருக்கி எழுதும் இடமெல்லாம் த்ரெட் லோக்கல் ஸ்டோரேஜைத்தான் சொல்கிறேன். இணைய இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் வேறு.

த்ரெட் லோக்கல் எதற்கு? குளோபல் மாறி போதாதா?

சி மொழியின் எர்னோவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிஸ்டம் கால் தோற்றால் காரணத்தின் எண் எர்னோவில் எழுதப்படும். புரோகிராமில் ஒரே ஓட்டம் இருந்த காலத்தில் அது சாதாரண குளோபல் முழு எண். த்ரெட்கள் வந்த பிறகு அது தாங்காது. ஒரு த்ரெட் ஃபைலைத் திறக்க முயன்று தோற்கிறது. அது காரணத்தைப் படிப்பதற்குள் இன்னொரு த்ரெட் தன் தோல்வியை அதே இடத்தில் எழுதிவிடுகிறது. பூட்டுப் போட்டும் பயனில்லை, எழுதுவது ஒரு நேரம், படிப்பது வேறொரு நேரம். ஆளுக்கொரு எர்னோ இருந்தால்தான் தீரும். பெயர் ஒன்று, இடம் த்ரெட்டுக்கு ஒன்று. அதுதான் த்ரெட் லோக்கல்.

ரஸ்டின் லைப்ரரியும் உள்ளே இதைத்தான் நம்பி இருக்கிறது. இப்போது ஓடும் த்ரெட் எது என்ற விவரம், இந்த த்ரெட்டில் எத்தனை பேனிக் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) நடந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணிக்கை, ஹேஷ்மேப்புக்கான சீரற்ற சாவிகள் எல்லாம் த்ரெட் லோக்கலில் இருப்பவை.

அந்த மாறி நினைவகத்தில் எங்கே இருக்கிறது?

லினக்ஸில் எக்ஸிகியூட்டபிள் எல்ஃப் வடிவத்தில் இருக்கும். ஆரம்ப மதிப்புள்ள த்ரெட் லோக்கல்கள் டிடேட்டா என்ற பகுதியிலும், பூஜ்யத்தில் தொடங்குபவை டிபிஎஸ்எஸ் என்ற பகுதியிலும் சேரும். இவை இரண்டும் அச்சு மாதிரி. புதிய த்ரெட் பிறக்கும்போதெல்லாம் அந்த அச்சிலிருந்து ஒரு பிரதி எடுத்து அந்த த்ரெட்டிடம் கொடுக்கப்படும். தன் பிரதி எங்கே என்று த்ரெட்டுக்குத் தெரிவதற்காக சிபியூவில் ஒரு ரெஜிஸ்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது: எக்ஸ்86-64 லினக்ஸில் எஃப்எஸ், ஆர்ம் 64-பிட்டில் டிபிஐடிஆர்_இஎல்0, ரிஸ்க்-ஃபைவில் டிபி. விண்டோஸ் 64-பிட்டில் ஜிஎஸ் ரெஜிஸ்டர் வழியாகப் போக வேண்டும்.

மெயின் எக்ஸிகியூட்டபிளுக்குள் இருக்கும் மாறி என்றால் ரெஜிஸ்டரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது லிங்க் செய்யும்போதே தெரிந்துவிடும். எஃப்எஸ் ரெஜிஸ்டரிலிருந்து இத்தனை பைட் தள்ளிப் படி என்று ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனில் வேலை முடியும். டிஎல்ஓப்பன் மூலம் ஓட்டத்தின் நடுவில் ஏற்றப்படும் லைப்ரரிக்கு அந்த வசதி கிடையாது. அதன் தூரம் முன்கூட்டித் தெரியாது என்பதால் டிஎல்எஸ்_கெட்_அட்ர் என்ற ஃபங்ஷனை அழைத்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் இன்னும் இரண்டு வழிகள் சேர்ந்து மொத்தம் நான்கு அணுகுமுறைகள். எதைப் பயன்படுத்துவது என்பதை கம்பைலரும் லிங்கரும் பார்த்துக்கொள்ளும். டிஸ்ட்ரக்டர் விஷயத்துக்கு இந்த நான்கின் வேறுபாடு அவ்வளவு முக்கியமில்லை.

இடம் கிடைத்துவிட்டது. டிஸ்ட்ரக்டர் மட்டும் ஏன் தனிப் பிரச்சினை?

மேலே சொன்ன ஏற்பாட்டுக்கு பைட்டுகள் மட்டும்தான் தெரியும். த்ரெட் முடிந்தால் அந்த பைட்டுகள் இருந்த இடம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். அந்த பைட்டுகளில் ஒரு வெக்டரின் பாயிண்டர் இருந்ததா, திறந்த ஃபைல் இருந்ததா என்பது அதற்குத் தெரியாது. எர்னோ போன்ற முழு எண்ணுக்கு அது போதும். வெக்டர் என்றால் ஹீப்பில் இருக்கும் நினைவகம் யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றுவிடும். நிமிடத்துக்கு நூறு த்ரெட் பிறந்து இறக்கும் சர்வரில் இது மெல்ல மெல்ல வளரும் கசிவு.

சி11ன் _த்ரெட்_லோக்கல் சொல்லும், ஜிக் மொழியின் த்ரெட்லோக்கல் சொல்லும் இந்தப் பொறுப்பை ஏற்பதில்லை, இடம் தருவதோடு நின்றுவிடுகின்றன. சி++11 ஏற்றுக்கொண்டது. ரஸ்டும் த்ரெட்_லோக்கல் மேக்ரோவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த மேக்ரோவுக்கு அடியில் இருக்கும் நிலைப்படாத அட்ரிபியூட்டை நைட்லி என்ற சோதனைப் பதிப்பில் நேரடியாக ஸ்டாட்டிக் மீது போட்டால் டிராப் ஓடவே ஓடாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

த்ரெட் முடிகிறது என்பதை நமக்கு யார் சொல்கிறார்கள்?

இங்கேதான் இயங்குதளத்துக்கு இயங்குதளம் கதை மாறுகிறது.

பழைய வழி பீத்ரெட் கீ. பீத்ரெட்_கீ_கிரியேட் என்று அழைத்து ஒரு சாவியும் அதற்கொரு டிஸ்ட்ரக்டர் ஃபங்ஷனும் பதிவு செய்கிறோம். ஒவ்வொரு த்ரெட்டும் அந்தச் சாவியின் கீழ் ஒரு பாயிண்டரை வைத்துக்கொள்ளலாம். த்ரெட் முடியும்போது பாயிண்டர் நல் (காலி) இல்லை என்றால் டிஸ்ட்ரக்டர் அழைக்கப்படும். பாசிக்ஸ் தரம் என்பதால் ஏறக்குறைய எல்லா யூனிக்ஸிலும் கிடைக்கும்.

லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் 2013ல் வந்த 2.18 பதிப்பிலிருந்து சிஎக்ஸ்ஏ_த்ரெட்_அட்எக்சிட்_இம்ப்ல் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. சி++11ன் தேவைக்காக வந்தது. "இந்த த்ரெட் முடியும்போது இந்த முகவரியோடு இந்த ஃபங்ஷனை அழை" என்று சொல்லிவிட்டுப் போகலாம், சாவி எதுவும் செலவாகாது. பழைய ஜிலிப்சியிலும் புரோகிராம் ஓட வேண்டும் என்பதால் ரஸ்ட் இதை வீக் சிம்பலாக, அதாவது இல்லாவிட்டாலும் லிங்க் தோற்காத பெயராக, தேடுகிறது. இல்லையென்றால் பீத்ரெட் கீக்குத் திரும்பிவிடும். ஜிலிப்சிக்கு மாற்றான மசல் லைப்ரரியில் இந்த ஃபங்ஷன் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

மேக்கில் டிஎல்வி_அட்எக்சிட் என்று ஒன்று, வேலை ஏறக்குறைய அதேதான். விண்டோஸில் பல ஆண்டுகளாகப் பயன்படும் வழி வேறு மாதிரி. எக்ஸிகியூட்டபிளில் சிஆர்டி$எக்ஸ்எல்பி என்ற பெயருள்ள பகுதியில் ஒரு ஃபங்ஷன் பாயிண்டரை வைத்துவிட்டால், ஒவ்வொரு த்ரெட் கழன்றுகொள்ளும்போதும் லோடரே அதைக் கூப்பிடும்.

சிஎக்ஸ்ஏ ஃபங்ஷன் கிடைக்கும் லினக்ஸில் ரஸ்ட் ஒவ்வொரு மதிப்பையும் அதனிடமே பதிவு செய்கிறது. மற்ற இடங்களில் ஒவ்வொரு மதிப்புக்கும் தனித்தனியாக இயங்குதளத்திடம் போய் நிற்க வேண்டியதில்லை. அங்கே இப்போதைய ரஸ்ட் லைப்ரரி த்ரெட்டுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு வரியும் ஒரு முகவரி, ஒரு ஃபங்ஷன். இயங்குதளத்திடம் ஒரே ஒரு முறை "முடியும்போது என்னைக் கூப்பிடு" என்று சொல்லி வைக்கிறது. கூப்பிட்டதும் பட்டியலின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டுகிறது. ஓடும் டிஸ்ட்ரக்டர் புதிதாக ஒன்றைப் பதிவு செய்தால் அதுவும் பட்டியலில் சேர்ந்து தன் முறைக்கு ஓடும். பட்டியல் காலியாகும்வரை நிறுத்துவதில்லை.

பீத்ரெட் கீயை வைத்து நானே எழுதப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஒரு தடவையாவது எழுதிப் பார்க்க வேண்டிய பயிற்சி இது. நான் எழுதியபோது முதலில் தெரிந்தது, ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு பொறி இருக்கிறது என்பதுதான்.

முதலில் சாவியை எப்போது உருவாக்குவது என்ற கேள்வி. ஸ்டாட்டிக் மாறி என்பதால் புரோகிராம் தொடங்கும்போது உருவாக்க முடியாது, முதலில் தொடுபவர்தான் உருவாக்க வேண்டும். இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டால்? அட்டாமிக் எண் ஒன்றில் பூஜ்யம் இருந்தால் "இன்னும் இல்லை" என்று பொருள். இருவரும் ஆளுக்கொரு சாவி உருவாக்கி, கம்பேர் எக்ஸ்சேஞ்ச் (எதிர்பார்த்த பழைய மதிப்பு இருந்தால் மட்டும் எழுதும் செயல்) மூலம் எழுத முயல்வார்கள். ஜெயித்தவர் சாவி நிற்கும். தோற்றவர் தன் சாவியை அழித்துவிட்டு ஜெயித்தவருடையதை எடுத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் சாவி வீணாகும். சாவிகள் ஏராளமாகக் கிடைப்பதில்லை: குறைந்தது 128 இருக்க வேண்டும் என்று பாசிக்ஸ் சொல்கிறது, ஜிலிப்சி 1024 தருகிறது.

அடுத்த பொறி அந்தப் பூஜ்யத்திலேயே இருக்கிறது. பூஜ்யம் செல்லாத சாவி என்று பாசிக்ஸ் எங்கும் சொல்லவில்லை. முதலில் உருவாகும் சாவியின் எண் பூஜ்யமாகவே வரலாம். அப்போது "இருக்கிறது" என்பதும் "இல்லை" என்பதும் ஒரே எண்ணாகிவிடும். ரஸ்ட் இதற்குச் செய்வது எளிமையானது. பூஜ்யம் வந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு சாவி கேட்கிறது, இரண்டாவது பூஜ்யமாக இருக்க முடியாது. பிறகு பூஜ்யச் சாவியை அழித்துவிடுகிறது. இந்தத் துண்டை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

அப்புறம் டிஸ்ட்ரக்டர் ஓடும் நேரம். சிஸ்டம் டிஸ்ட்ரக்டரை அழைப்பதற்கு முன்பே சாவியின் மதிப்பை நல் ஆக்கிவிடும். இதன் விளைவைப் பாருங்கள். டிராப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள்ளிருந்து யாராவது அதே மாறியைத் தொட்டால், நல் இருப்பதைப் பார்த்து "இதுவரை உருவாக்கவில்லை போலிருக்கிறது" என்று புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுவார்கள். பிறக்காத மதிப்பும் இறந்துகொண்டிருக்கும் மதிப்பும் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரிகின்றன. அதனால் டிஸ்ட்ரக்டரின் முதல் வேலையாக சாவியில் 1 என்ற எண்ணைப் பாயிண்டர் போல எழுதி வைக்கிறது ரஸ்ட். 1 என்பது உண்மையான முகவரியாக இருக்க முடியாது என்பதால் "அழிந்துகொண்டிருக்கிறது, தொடாதே" என்று பொருள். டிராப் முடிந்ததும் மறுபடி நல் எழுத வேண்டும். இல்லையென்றால் 1 என்ற முகவரியோடு சிஸ்டம் டிஸ்ட்ரக்டரை மறுபடி அழைக்கும்.

கடைசியாகச் சுற்றுகள். எல்லா டிஸ்ட்ரக்டரும் ஓடி முடிந்தபின் ஏதாவது சாவியில் மறுபடி மதிப்பு இருந்தால் சிஸ்டம் இன்னொரு சுற்று போகும். எத்தனை சுற்று? குறைந்தது 4 என்கிறது பாசிக்ஸ், ஜிலிப்சியில் சரியாக 4. அதற்கு மேலும் மிச்சமிருந்தால் அப்படியே விட்டுவிடும். இரண்டு மாறிகள் ஒன்றையொன்று உயிர்ப்பித்துக்கொண்டே இருந்தால் நான்காவது சுற்றோடு கசிவுதான்.

மதிப்பின் நிலையை ரஸ்ட் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது?

கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு நிலைகளை எதிர்பார்க்கிறார்கள்: உருவாகவில்லை, உருவாகிவிட்டது. உண்மையில் மூன்று வேண்டும். மூன்றாவது, அழிந்துவிட்டது. என் பார்வையில் இந்தத் தலைப்பின் மொத்தச் சாரமும் இந்த மூன்றாம் நிலைதான். டிஎல்எஸ் சார்ந்து நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை யாரோ இதை மறந்ததால் வந்தவை.

எல்ஃப் டிஎல்எஸ் கிடைக்கும் தளங்களில் மதிப்போடு சேர்த்து இந்த நிலையும் த்ரெட்டின் சொந்த இடத்திலேயே இருக்கும். முதல் தடவை தொடும்போது ஆரம்ப மதிப்பைக் கணக்கிட்டு, எழுதி, அதன்பிறகுதான் டிஸ்ட்ரக்டரைப் பதிவு செய்கிறது. இந்த வரிசை முக்கியம். முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, கணக்கிடும்போது பேனிக் வந்தால், இல்லாத மதிப்பை அழிக்க ஒரு டிஸ்ட்ரக்டர் காத்திருக்கும். அழிக்கும்போதும் அதே போன்ற கவனம் வேண்டும். மதிப்பை வெளியே எடுத்து, நிலையை "அழிந்துவிட்டது" என்று மாற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் டிராப் ஓட்ட வேண்டும். டிராப்புக்குள்ளிருந்து திரும்பி வந்து தொடுகிறவருக்குச் சரியான பதில் அப்போதுதான் கிடைக்கும்.

ஒருமுறை அழிந்தது மறுபடி உயிர்பெறாது என்பதால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. ஸ்டாட்டிக் மாறிகளின் எண்ணிக்கை வரம்புக்கு உட்பட்டது. ஒவ்வொன்றும் ஒரே தடவைதான் அழியும். எனவே பட்டியல் எப்படியும் காலியாகும், 4 சுற்று போன்ற செயற்கை வரம்பு தேவையில்லை.

டிராப் தேவையில்லாத வகைகளுக்கு, அதாவது நீட்ஸ்_டிராப் இல்லை என்று சொல்பவற்றுக்கு, பதிவு வேலையே நடக்காது. 2022ல் வந்த ரஸ்ட் 1.59லிருந்து ஆரம்ப மதிப்பை கான்ஸ்ட் என்று அறிவிக்கலாம். கான்ஸ்ட்டாகவும் இருந்து டிராப்பும் தேவையில்லை என்றால் நிலையைச் சரிபார்ப்பதுகூடக் கிடையாது, நேராகப் படித்துவிடலாம். வேகம் வேண்டும் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள்.

மதிப்பைத் தொட ஏன் வித் என்ற ஃபங்ஷனை அழைத்து கிளோஷருக்குள் (பெயரில்லாத உள் ஃபங்ஷன்) போக வேண்டியிருக்கிறது? ரெஃபரன்ஸை நேராகக் கொடுத்தால் என்ன?

கொடுத்தால் அதன் ஆயுள் என்ன என்று எழுதுவது? ஸ்டாட்டிக் என்று எழுத முடியாது, த்ரெட் முடிந்ததும் மதிப்பு போய்விடும். "இந்த த்ரெட் இருக்கும்வரை" என்று சொல்ல ரஸ்டில் ஒரு லைஃப்டைம் கிடையாது. கிளோஷருக்குள் மட்டும் என்று கட்டிவிட்டால், அந்த ரெஃபரன்ஸ் வெளியே தப்பாது என்பதை கம்பைலர் பார்த்துக்கொள்ளும். எழுதுவதற்குக் கொஞ்சம் அலுப்பாக இருக்கும் என்பது உண்மைதான். 2023ல் வந்த 1.73லிருந்து செல், ரெஃப்செல் வைத்திருக்கும் லோக்கல்கீக்கு (மேக்ரோ உருவாக்கித் தரும் வகை இது) செட், கெட், டேக், ரீப்ளேஸ் போன்றவை நேரடியாகவே கிடைக்கின்றன. பாதி இடங்களில் கிளோஷர் தேவைப்படாது.

ஒரு த்ரெட் லோக்கலின் டிஸ்ட்ரக்டர் இன்னொன்றைத் தொடலாமா?

தொடலாம். கிடைக்கும் என்று மட்டும் நம்பக்கூடாது.

வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டால், அப்புறம் மோட்டார் போட்டு வீட்டைக் கழுவிவிட முடியாது. எது முதலில் போக வேண்டும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். த்ரெட் லோக்கல்களுக்கு அப்படி யாரும் இல்லை. பீத்ரெட் கீயில் வரிசை என்னவென்று தரமே சொல்லவில்லை. சி++ல் உருவானதற்கு நேர்மாறான வரிசை உறுதி. இப்போதைய ரஸ்ட் லைப்ரரி பட்டியலின் கடைசியிலிருந்து எடுப்பதால் நடைமுறையில் அதே மாதிரிதான் நடக்கும், ஆனால் ஆவணத்தில் அப்படி ஒரு வாக்குறுதி இல்லை. வாக்குறுதி இல்லாததை நம்பி எழுதாதீர்கள். முதலில் தொட்டது எது என்பதே ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடியது.

டிஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து அழைக்கப்பட வாய்ப்புள்ள எந்த ஃபங்ஷனிலும் வித் வேண்டாம், ட்ரை_வித் பயன்படுத்துங்கள். 1.26 பதிப்பிலிருந்து இருக்கிறது. அழிந்துவிட்ட மதிப்பைத் தொட்டால் வித் பேனிக் ஆகும், ட்ரை_வித் அக்சஸ்எரர் திருப்பித் தரும். லாக் எழுதும் ஃபங்ஷன்தான் இதற்கு முதல் உதாரணம். யார் வேண்டுமானாலும் தங்கள் டிராப்புக்குள் ஒரு வரி லாக் எழுதுவார்கள். அந்த நேரத்தில் லாக் பஃபர் ஏற்கெனவே போயிருக்கலாம். அப்போது நேராக ஸ்டாண்டர்ட் எரருக்கு எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.

டிஸ்ட்ரக்டருக்குள் பேனிக் வந்தால்?

முழு புராசஸும் அபார்ட் ஆகும், அதாவது உடனே நிறுத்தப்படும். பிடிக்க வழியில்லை. தோல்வி வந்தால் பேனிக் ஆகும் அன்ராப்பை டிஸ்ட்ரக்டருக்குள் எழுதாதீர்கள்.

மெயின் த்ரெட்டிலும் டிஸ்ட்ரக்டர் ஓடுமா?

தளத்தைப் பொறுத்தது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கமாண்ட் லைனில் ஓடும் ஒரு கருவி எழுதியிருந்தோம். ஒவ்வொரு த்ரெட்டும் தன் லாக் வரிகளைத் த்ரெட் லோக்கல் பஃபரில் சேர்த்து வைக்கும், டிராப்பில் ஃபிளஷ் ஆகும், அதாவது வெளியே எழுதப்படும். எங்கள் லேப்டாப்களில் ஒரு குறையும் இல்லை. அல்பைன் லினக்ஸ் கன்டெய்னரில் போட்டதும் கடைசிச் சில வரிகள் காணாமல் போயின. லாக் சேகரிக்கும் பக்கம்தான் தவறு என்று இரண்டு நாள் அங்கேயே தேடினோம். பிறகு ஒருவர் கவனித்தார், ஒர்க்கர் த்ரெட்களின் வரிகள் முழுதாக வருகின்றன, மெயின் எழுதியவை மட்டும் வரவில்லை.

அல்பைன் பயன்படுத்துவது மசல். அதில் சிஎக்ஸ்ஏ வழி கிடையாது என்று மேலே சொன்னேன், எனவே பீத்ரெட் கீ. மெயின் ஃபங்ஷன் திரும்பினால் எக்சிட் அழைக்கப்படும், அது த்ரெட் முடிவதாகக் கணக்கில் வராது, பீத்ரெட் கீயின் டிஸ்ட்ரக்டர்களும் ஓடாது. ஜிலிப்சியில் எக்சிட் ஃபங்ஷனே இந்த த்ரெட்டின் டிஎல்எஸ் டிஸ்ட்ரக்டர்களை முதலில் ஓட்டிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கும். லேப்டாப்பில் சரியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ரஸ்ட் ஆவணத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

திருத்தம் ஒரே வரி, மெயின் முடியும் இடத்தில் ஃபிளஷை நாமே அழைத்தோம். அன்றிலிருந்து எனக்கு ஒரு விதி: கட்டாயம் நடந்தே ஆக வேண்டிய எந்த வேலையையும் டிஎல்எஸ் டிஸ்ட்ரக்டரிடம் ஒப்படைப்பதில்லை.

மெயின் முடியும்போது ஓடிக்கொண்டிருக்கும் மற்ற த்ரெட்கள்?

அவற்றின் டிஸ்ட்ரக்டர்கள் ஓடாது, புராசஸோடு சேர்ந்து போய்விடும். த்ரெட் பூலில் இருக்கும் ஒர்க்கர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். ரேயான் லைப்ரரியின் குளோபல் பூல் புரோகிராம் உள்ளவரை இருக்கும், அந்த ஒர்க்கர்கள் முடிவதே இல்லை. அங்கே டிஎல்எஸ்ஸில் வைத்தது அழியும் என்று காத்திருந்தால் அது நடக்கப்போவதில்லை.

ஜாயின் செய்தால் டிஸ்ட்ரக்டர்கள் முடிந்துவிட்டன என்று நம்பலாமா?

ஜாயின்ஹேண்டிலில் ஜாயின் அழைத்தால், ஆம். அது இயங்குதள த்ரெட் முழுதாக முடியக் காத்திருக்கும்.

1.63ல் வந்த ஸ்கோப் த்ரெட்களில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்கோப் தானாகக் காத்திருக்கும்போது, உள்ளே கொடுத்த கிளோஷர் முடிந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறது. டிஎல்எஸ் டிஸ்ட்ரக்டர்கள் அதற்குப் பிறகு ஓடுபவை. ஸ்கோப் திரும்பி வந்த கணத்தில் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒர்க்கர்களின் எண்ணிக்கைகளை டிராப்பில் கூட்டி மொத்தத்தில் சேர்ப்பது போன்ற வேலைக்கு இது ஆபத்து: நூறு முறை சரியான விடை வரும், நூற்றொன்றாவது முறை குறையும். ஸ்கோப்புக்குள் ஒவ்வொரு ஹேண்டிலையும் வெளிப்படையாக ஜாயின் செய்யுங்கள். அதைவிட நல்லது, எண்ணிக்கையை கிளோஷரின் விடையாகவே திருப்பித் தருவது.

விண்டோஸில் டிஸ்ட்ரக்டர் ஓடும்போது புரோகிராம் உறைந்துவிடுகிறது. ஏன்?

அந்த நேரத்தில் லோடரின் பூட்டு பிடிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்ட்ரக்டருக்குள் இன்னொரு த்ரெட்டை ஜாயின் செய்கிறீர்கள் என்று வையுங்கள். அந்த த்ரெட் முடிவதற்கும் அதே பூட்டு வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் காத்திருப்பார்கள். டிஎல்எஸ் டிராப்புக்குள் இன்னொரு த்ரெட்டுக்காகக் காத்திருக்கும் எதுவும் வேண்டாம்.

டிஎல்குளோஸ் மூலம் லைப்ரரியை இறக்கிவிட்டால் டிஸ்ட்ரக்டரின் கோடே நினைவகத்தில் இருக்காதே?

நியாயமான பயம். சிஎக்ஸ்ஏ ஃபங்ஷனுக்கு மூன்றாவதாக ஒரு ஹேண்டில் கொடுக்கிறோம், எந்த லைப்ரரியிலிருந்து பதிவு வந்தது என்று அது சொல்லும். ஜிலிப்சி அதை வைத்து எண்ணிக்கை வைத்திருக்கிறது, ஓட வேண்டிய டிஸ்ட்ரக்டர் பாக்கி இருக்கும்வரை லைப்ரரியை இறக்காது. பீத்ரெட் கீயில் இந்தப் பாதுகாப்பு இல்லை. லைப்ரரி போன பின் த்ரெட் முடிந்தால், காலியான முகவரிக்குத் தாவிப் புரோகிராம் விழும். பிளகின் ஏற்றி இறக்கும் அமைப்பு எழுதுகிறவர்கள் இறக்குவதையே தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

சொந்த அலொகேட்டர் (நினைவகம் ஒதுக்கித் தரும் பகுதி) எழுதுகிறேன். த்ரெட்டுக்கு ஒரு கேஷ் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் 1.93க்கு முந்தைய ரஸ்டில் டிராப் உள்ள வகையை மேக்ரோ வழியாக வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. டிஸ்ட்ரக்டர் பட்டியலும் வளர்வதற்கு நினைவகம் கேட்கும். அந்தக் கோரிக்கை உங்கள் அலொகேட்டருக்கே வந்தால், அது தன் கேஷைத் தொட, கேஷ் தன் டிஸ்ட்ரக்டரைப் பதிவு செய்யப் போய் அதே பட்டியலில் வந்து நிற்கும். அந்தப் பதிப்புகளில் டிராப் இல்லாத, கான்ஸ்ட் ஆரம்ப மதிப்புள்ள வகையாக வைத்துக்கொண்டு, சுத்தம் செய்வதற்கு பீத்ரெட் கீ ஒன்றைத் தனியாகக் கையாளுங்கள்.

அசிங்க் கோடில் த்ரெட் லோக்கல் பயன்படுமா?

ஒரு டாஸ்க் அவெய்ட்டில் நின்று, வேறொரு த்ரெட்டில் எழலாம். இந்தப் பக்கம் வைத்ததை அந்தப் பக்கம் தேடினால் கிடைக்காது. டாஸ்க்கோடு சேர்ந்து போக வேண்டிய விவரத்துக்கு டோக்கியோ என்ற அசிங்க் லைப்ரரியில் டாஸ்க்_லோக்கல் இருக்கிறது. த்ரெட்டுக்கே உரிய கேஷ் போன்றவற்றுக்கு மட்டும் த்ரெட் லோக்கல்.

அப்படியானால் எதை அதில் வைக்கலாம்?

இழந்தாலும் பரவாயில்லை என்பவற்றை: திரும்பத் திரும்பப் பயன்படும் தற்காலிக பஃபர், சீரற்ற எண் உருவாக்கியின் நிலை, கேஷ். இவற்றின் டிஸ்ட்ரக்டர் ஓடினால் நினைவகம் திரும்பக் கிடைக்கும், ஓடாவிட்டால் புராசஸ் முடியும்போது எப்படியும் போகும். டேட்டாபேஸ் டிரான்சாக்‌ஷன், எழுதி முடிக்காத ஃபைல், வேறொரு புராசஸுக்குச் சொல்ல வேண்டிய கடைசிச் செய்தி ஆகியவற்றை வைக்கமாட்டேன்.

த்ரெட்டின் முடிவோடு அல்லாமல் ஒரு பொருளின் முடிவோடு அழிய வேண்டும் என்றால், த்ரெட்_லோக்கல் என்ற பெயரிலேயே ஒரு கிரேட் (தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ரஸ்ட் லைப்ரரி) இருக்கிறது. பொருள் ஒவ்வொன்றும் த்ரெட்டுக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கும், பொருள் டிராப் ஆகும்போது எல்லா த்ரெட்களின் மதிப்பும் சேர்ந்து அழியும். எண்ணிக்கைகளைக் கடைசியில் கூட்ட வேண்டிய வேலைக்கு இதுதான் பொருத்தம், கூட்டுவது எப்போது என்பது உங்கள் கையில் இருக்கும்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

டிராப்பில் ஒரு அட்டாமிக் எண்ணைக் கூட்டும் சிறிய வகை ஒன்று எழுதுங்கள். த்ரெட் பிறப்பித்து, வித் மூலம் தொட்டு, ஜாயின் செய்து, எண் 1 ஆகியிருக்கிறதா பாருங்கள். தொடாத த்ரெட்டில் 0 இருக்க வேண்டும். இரண்டு வகைகளை ஒன்றின் டிராப் இன்னொன்றை ட்ரை_வித் மூலம் தொடும்படி எழுதி, தொடும் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மெயின் த்ரெட்டுக்கு, டிராப்பில் ஸ்டாண்டர்ட் எரருக்கு ஒரு வரி எழுதும் தனிப் புரோகிராம் வேண்டும். அதை ஒருமுறை சாதாரண லினக்ஸ் டார்கெட்டிலும் ஒருமுறை மசல் டார்கெட்டிலும் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதில் அந்த வரி வரவில்லை என்றால், உங்கள் கோடில் டிஎல்எஸ் டிராப்பை நம்பி இருக்கும் இடங்களைத் தேட அன்றே உட்காருங்கள்.